தேனீயின் காலில் மஞ்சள்

ரூபன் மருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு வேலிக் கதவைத் தள்ளினான். கலாதேவி ஓடிப்போய்த் தேன்பெட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

மூன்று பெட்டிகள். மலேசியாவின் கோலா கங்சார் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்தில் இன்னும் இடிக்காமல் விட்டிருந்த லயத்து வீட்டு வரிசையில், அவள் வீட்டுக் கொல்லையில் இருந்தன.

ரூபன் ஈப்போவிலிருந்து வந்த பூச்சிமருந்துக்காரன். அவனை வரவழைத்தவர் உடையப்பன். கலாதேவியின் இறந்துபோன புருஷன் ராமையாவுக்கு அண்ணன். குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான்.

உடையப்பன் ஒரு பழைய பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். அதில் ஏழெட்டுச் செத்த தேனீக்கள்.

"காலப் பாரு. மஞ்சமஞ்சளா கட்டி. சீக்கு வந்த ஈ. புள்ளைங்க நடமாடுற இடம் லா இது!"

அவளிடம் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கூடியிருந்தவர்களிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக் காலை. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

முந்தின நாள்தான் ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவள் அவள். இன்றைக்கும் நிற்பதற்குக் காலில் தெம்பு இருந்தது.

கட்டி இருப்பது உண்மைதான். போன வருஷம் முதன்முதலாகப் பார்த்தபோது அவளும் சீக்கு என்றுதான் நினைத்தாள். அப்புறம் லீவு நாளெல்லாம் கொல்லைச் செடிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, எந்தத் தேனீ எந்தப் பூவுக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தம்பி, அடிக்கிறதுக்கு முன்னால இத ஒருக்காப் பாத்துருங்க," என்றாள் ரூபனிடம்.

வேலியோரம் புதராக மண்டியிருந்த செடியிலிருந்து ஒரு கொத்தை ஒடித்தாள். சிவப்பும் மஞ்சளுமான சின்னப் பூக்கள். ஒடித்த இடத்தில் எருக்கைப் போலவே பால் வடிந்தது. தோட்டத்தில் அதைப் பால்செடி என்பார்கள்.

உள்ளே போய் ஒரு தையல் ஊசி எடுத்து வந்தாள். பூவின் நடுவே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கீறல். ஊசி முனையை அதில் விட்டு, மெல்ல மேலே இழுத்தாள்.

ஊசியோடு வந்தது ஒரு கறுப்புப் புள்ளி. அதன் இரண்டு பக்கமும் மஞ்சளாக இரண்டு குட்டிப் பைகள் தொங்கின.

ரூபன் கைத்தொலைபேசியைக் கிட்டே கொண்டுபோய்ப் படத்தைப் பெரிதாக்கினான். பேப்பரிலிருந்த செத்த தேனீயின் காலையும் அப்படியே பார்த்தான். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"மத்தப் பூவுல பொடிப்பொடியா ஒட்டும். இதுல பையோட வந்து கால்ல கவ்விக்கும். தெம்பு இருக்கிற ஈ இழுத்துக்கிட்டுப் பறந்துரும். சிலது மாட்டிக்கிட்டு அங்கயே செத்துரும். அதத்தான் பொறுக்கிட்டு வந்திருக்காங்க," என்றாள் கலாதேவி.

ரூபன் டாங்கியை இறக்கி வைத்தான்.

"சீக்கு இல்லண்ணே. பூவோட மகரந்தம். இதுக்குப் போய் மருந்தடிச்சா பாவம் லா."

வேலியோரம் யாரோ சிரித்துவிட்டார்கள்.

உடையப்பனின் முகம் கறுத்தது. பேப்பரைக் கசக்கி வீசினார்.

"சீக்கு இல்லாட்டி என்ன? என் தம்பியக் கொட்டிக் கொன்னது இந்த ஈ சாதிதான? அத வீட்டுல வச்சு வளக்குறியே, உனக்கெல்லாம் மனசுன்னு ஒன்னு இருக்கா?"

சிரிப்பு நின்றது.

இரண்டு வருஷமாக அவள் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த பேச்சு. முகத்துக்கு நேரே இன்றைக்குத்தான் வந்தது.

அவள் தலையைக் குனிந்துகொள்வாள் என்று எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவளோ முதல் பெட்டியின் மூடியைத் திறந்தாள். உறையில்லாத கையால் ஒரு தேனடைச் சட்டத்தைத் தூக்கிப் பிடித்தாள். தேனீக்கள் அவள் மணிக்கட்டின் மேல் நிதானமாக ஏறி நடந்தன.

"இது அவர் வச்ச பொட்டி. நான் இருக்கிற வரைக்கும் இங்கதான் இருக்கும். மருந்து ஊத்தித்தான் ஆகணும்னா மொதல்ல என் தலையில ஊத்துங்க."

சட்டத்தை அதன் இடத்தில் இறக்கிவிட்டு, உடையப்பனுக்கு அருகில் போனாள். அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அன்னைக்கு நடந்தத நான் போலீசுல முழுசாச் சொல்லல, அத்தான். அவருக்காகத்தான் சொல்லல. இப்ப இவங்க முன்னால சொல்லவா?"

உடையப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போனார்.

என்ன சொன்னாய் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். கலாதேவி பெட்டியை மூடினாள்.

ராமையா இறந்த அன்றைக்கு ஆற்றோரக் காட்டில் மலைத்தேனீக் கூட்டுக்கு, வேண்டாம் வேண்டாம் என்று தம்பி சொல்லச் சொல்லத் தீப்பந்தத்தை நீட்டியவர் உடையப்பன். தேனீக்கள் இறங்கியபோது ராமையா லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டிருந்தான். அவள் பக்கத்து இருக்கையில் இருந்தாள். வெளியே அண்ணனின் அலறல் கேட்டது. தடுத்துப் பிடித்த அவள் கையை உதறிவிட்டு அவன் இறங்கி ஓடினான்.

ஆம்புலன்ஸ் வந்தபோது, ராமையாவின் சட்டை உடையப்பனின் தலையைச் சுற்றி இருந்தது.