ஆத்தாளின் சிவப்புத் துணி

"இந்த வருஷம் துணியையும் காணோம், ஆத்தாளையும் காணோம். நாளைக்குக் காலையில கழிமுகத்துக்குள்ள வலையை விட்டுடறோம்மா" என்றான் படகுக்காரன், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே.

மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக் கட்டிலில் கிடந்த அவன் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆண்டுதோறும் காற்று திரும்பும் நாளில், கழிமுகத்து அலையாத்தி மரக்கிளையில் சிவப்புத் துணி ஒன்று தானாக வந்து தொங்கும். கழிமுகத்துச் சாமியான ஆத்தா பிரசவத்துக்கு உள்ளே போயிருக்கிறாள் என்று அர்த்தம். அது இற்று விழும்வரை எந்தப் படகும் உள்ளே நுழையாது.

"ஒருவேளை ஆத்தாளுக்கும் கால் உடைஞ்சிருக்கும்" என்று சிரித்தான் அவன்.

"வாயை மூடுடா."

அவன் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அலையாத்தி வேர்களுக்கு நடுவே, கண் மட்டும் தெரிகிற கண்ணாடி மாதிரியான மீன்குஞ்சுகளைப் பாத்திரம் கழுவும்போது அவள் பார்த்திருக்கிறாள். அதைவிட, மாமியார் தொடாமல் வைத்த தட்டுதான் அவளை வதைத்தது.

"ரெண்டு வாய் சாப்பிடுங்க அத்தை."

"ஆத்தா வராத வருஷம் எனக்கென்ன சாப்பாடு, போடி."

விடியற்காலையில் பாத்திரத்தோடு போனவள், தன் சிவப்பு நைலான் புடவையில் ஒரு முழம் கிழித்து எடுத்துப் போனாள். அதைக் கிளையில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். சாமியை ஏமாற்றுவதாகத் தோன்றவில்லை. சாமியை நம்புகிற ஒருத்தியை ஏமாற்றுவதாகத் தோன்றியது.

படகுக்காரன் போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"அம்மா, ஆத்தா வந்துட்டா. இந்தத் தடவை துணி என்னமா மின்னுது தெரியுமா? நேத்து வாய்க்கொழுப்புல பேசிட்டேன், மன்னிச்சுக்கச் சொல்லு."

வலையை மடித்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான்.

மாமியார் கையெடுத்துக் கும்பிட்டாள். தட்டைக் கேட்டு வாங்கி நிதானமாகச் சாப்பிட்டாள். மருமகள் அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றினாள்.

"கிட்ட வாடி. மின்னுதுங்கிறானே, நைலானா?"

மருமகள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போனாள்.

"அது லேசுல இத்து விழாது. குஞ்சு பெருத்துக் கடலுக்குப் போனப்புறமும் தொங்கும், உன் புருஷன் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். குஞ்சு வெளியே போற நேரத்துக்குச் சரியா விழறது பழைய பருத்திதான். என் பெட்டியில இருக்கு, நாளைக்கு மாத்திக் கட்டிடு."

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"ஆத்தாளுக்காச்சேன்னு முதல் வருஷம் நான் பட்டுல கட்டிட்டு, என் மாமியார்கிட்ட வாங்கின திட்டு இருக்கே..."