முன்பே ஒளிர்ந்த குழாய்

எங்கள் ஆய்வகத்துப் பாக்டீரியாவில் ஒரு மரபணு தூங்கிக்கொண்டே இருக்கும். சூடு பட்டால்தான் செல் அதைப் படியெடுத்து வேலை செய்யவைக்கும். அப்போது அந்தக் குழாய் பச்சையாக ஒளிரும். எந்தக் குழாயைச் சுடுநீரில் வைப்பது என்று நானும் உடன் வேலை செய்யும் அக்காவும் சீட்டுக் குலுக்கி எடுப்போம்.

நேற்று, சீட்டை எடுக்கும் முன்பே ஒரு குழாய் ஒளிர்ந்தது. பிரித்த சீட்டிலும் அதன் எண்தான்.

"இதுக்கு எப்படிக்கா முன்னாடியே தெரிஞ்சுது?"

"அதான் எனக்கும் மண்டை காயுது. நாளைக்கு எதையும் சூடாக்க வேணாம். சும்மா பாப்போம்."

இன்று சுடுநீர்த் தொட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தோம். எல்லாக் குழாய்களும் ஒளிர்ந்தன.

"அட, எல்லாமேவா!" அக்கா சிரித்தார். "இரு, கேமரா எடுத்துட்டு வரேன்."

வாசல் கதவின் கைப்பிடியைத் தொட்டவர், 'ஸ்ஸ், சுடுது!' என்று விரலை உதறி வாயில் வைத்துக்கொண்டார்.