சத்தம் போடாத காடி

நாலு டயருக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பூசாரி சூடத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, "எடுங்கண்ணே" என்று ஒதுங்கி நின்றார்.

இனி காடி ஒரு முழம் முன்னால் போக வேண்டும்.

போகாது என்பது அந்தக் கூட்டத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர், ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த சுகுமாரன். இன்னொருவர், அவர் மனைவி சரளா.

என்ஜின் செத்து இரண்டு வாரம் ஆகிறது. விடிவதற்குள் இழுவை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, கோயில் வாசலில், பின்பக்கம் மதில்சுவரை ஒட்டினாற்போல இறக்கி வைத்திருந்தார். பத்து காஜா டவுனுக்குப் பக்கத்தில் ரப்பர் போய் செம்பனை வந்துவிட்ட அந்தத் தோட்டத்தில் மிச்சமிருப்பது அந்த மாரியம்மன் கோயில் ஒன்றுதான். ஆயுத பூஜைக்கு வண்டிகளைக் கொண்டுவந்தவர்கள், "அண்ணன் முதல் ஆளா வந்துட்டாரு, என்னா பக்தி!" என்றார்கள்.

வேறு வழி? பூஜை முடிந்த கையோடு கோயிலுக்குப் புதுத் தலைவர் தேர்ந்தெடுக்கப்போகிறார்கள். சுகுமாரனுக்கு அதற்கு இருந்த ஒரே தகுதி இந்தக் காடி.

ஈப்போவில் ஒரு பேரங்காடியின் சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர் அவர். டத்தோ பட்டம் வாங்கிய யாரோ ஒரு பணக்காரர் சலித்துப்போய்த் தள்ளிவிட்ட இந்த நீளமான கறுப்பு ஜெர்மன் காடியை வாங்கிய நாளிலிருந்து கோயிலில் அவருக்கு முன்வரிசை நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலிதான். ஆனால் கை வைத்தது.

பழைய பெரிய காடி என்பது வீட்டோடு வந்து தங்கிய மாப்பிள்ளை மாதிரி. வாசலில் லட்சணமாக நிற்கும். தின்றுகொண்டே இருக்கும். ஒரு வார்த்தை கேட்டுவிட முடியாது. வாங்கியதிலிருந்து சரளாவின் வளையலைத் தின்றது, மகளின் சேமிப்பைத் தின்றது, ஒரு தீபாவளியை முழுசாகத் தின்றது. அதன் பிறகு சரளா அதில் ஏறியதே இல்லை. இன்றைக்கும் பஸ்ஸில்தான் வந்திருந்தாள்.

"என்னண்ணே, உங்களுக்கும் சாமி வந்துருச்சா?"

கேட்டது ஜெயபாலன். தலைவர் பதவிக்கு எதிராளி. அவருடைய பிக்கப் ஏற்கெனவே காட்டுப்பன்றி மாதிரி உறுமி, பழங்களைத் துவைத்துவிட்டு, பக்கத்தில் இன்னும் புகைவிட்டுக்கொண்டிருந்தது.

சுகுமாரன் ஹெட்லைட்டைப் போட்டார். ஹாரனை அடித்தார். பேட்டரி மட்டும் புதிது. அதற்கு அவ்வளவுதான் முடியும்; ஏர்கோனில் குளிர்காற்று வரக்கூட என்ஜின் ஓட வேண்டும். கூட்டம் கைதட்டியது. காடி நகரவில்லை.

சரளா திருநீற்றுத் தட்டோடு ஜன்னல் பக்கம் வந்தாள். குனிந்து அவர் நெற்றியில் பூசிக்கொண்டே, பல்லைக் கடித்தபடி பேசினாள்.

"நியூட்ரல்ல போட்டுட்டு பிரேக்க விடுங்க. நான் பின்னால நின்னு தள்ளுறேன்."

இவ்வளவு அழகான வாக்கியத்தை அவர் கல்யாணமான நாள் முதல் கேட்டதில்லை.

"ஆனா ஒண்ணு. இந்த மாசத்துக்குள்ள இத வித்துர்றேன்னு அம்மா முன்னால சத்தியம் பண்ணுங்க. இல்லாட்டி நீங்களே எறங்கி தள்ளுங்க லா."

கண்ணாடிக்கு நேர் எதிரே கருவறை. மாரியம்மன் கண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தியமா" என்றார் சுகுமாரன்.

எல்லார் கண்களும் முன்டயர்ப் பழங்களில் இருந்தன. சரளா சுவருக்கும் காடிக்கும் நடுவே புகுந்து, நின்று நின்று கால் வலித்தவள் மாதிரி காடியின் பின்பக்கம் முதுகைச் சாய்த்தாள். 'தாயே, மன்னிச்சுக்க' என்று முணுமுணுத்துவிட்டு, ஒரு காலைத் தூக்கிக் கோயில் சுவரில் ஊன்றினாள்.

காடி நகர்ந்தது.

பழங்கள் நசுங்கின. அதைத் தவிர வேறு சத்தமில்லை. சுகுமாரன் கண்ணை மூடிக்கொண்டார்.

"மச்சான், என்ஜின் ஓடுறதே கேக்கல பாத்தியா!" என்றது ஒரு குரல்.

"அதான் லா பெரிய காடி. நம்ம வண்டியா, கெட்ட வார்த்த பேசிக்கிட்டே ஓட?"

எல்லாரும் திரும்பி ஜெயபாலனின் பிக்கப்பைப் பார்த்தார்கள். ஜெயபாலன் அவசரமாக எட்டி என்ஜினை அணைத்தார். தேர்தல் அந்த இடத்திலேயே முடிந்துபோயிற்று.

சிலிம் ரிவர் ஊரிலிருந்து மாமியார் வீட்டுக்கு வந்திருந்த தனேஸ்வரன் என்ற பையன் முன்னால் வந்து பானட்டைத் தடவினான். அது சில்லென்று இருந்தது. அதையும் உயர்ந்த சாதி வண்டியின் குணம் என்றே எடுத்துக்கொண்டான்.

"அண்ணே, குடுக்கிறதா இருந்தா இன்னைக்கே எடுத்துக்கிறேன். வெலய நீங்களே சொல்லுங்க."

சுகுமாரன் அம்மனைப் பார்த்தார். செய்த சத்தியம் இன்னும் நாக்கிலேயே இருந்தது. இவ்வளவு சீக்கிரமாக எந்தச் சாமியும் வழி காட்டியதாக அவர் கேள்விப்பட்டதில்லை. விலை சொல்ல வாயைத் திறந்தார்.

"நாங்க விக்கிறதா இல்லீங்க தம்பி."

குரல் பின்னாலிருந்து வந்தது. சரளா. கொண்டை அவிழ்ந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, வியர்வையில் நனைந்து நின்றாள். அவள் பார்வை தனேஸ்வரன் மேலும் இல்லை, புருஷன் மேலும் இல்லை. "வழி விடுங்கடி, அக்கா வர்றாங்க" என்று தனக்காக மற்றப் பெண்களை விலக்கிக்கொண்டிருந்த ஜெயபாலன் மனைவி மேல் இருந்தது.

காடியின் பின்கதவுப் பக்கம் போய் நின்றாள். அவளாகத் திறக்கவில்லை. சுகுமாரன் இறங்கி வந்து திறக்கும்வரை நின்றாள். ஏறி உட்கார்ந்தாள், சேலை மடிப்பைச் சரிசெய்தாள், கோயில் வாசல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"ஏங்க, அந்த ஏர்கோன போடுங்க."