பீரோ மேல் ஏறிய போன்

“சார், உங்க கார்ட்லெஸ் ஒழுங்கா வேலை செய்யுதா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் பக்கத்து ஃபிளாட் கருணாகரன்.

சாய்நாத்திடம் இப்படி ஒரு கேள்வி கேட்டால் ஒரு டம்ளர் காபி நிச்சயம். கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒயர் இல்லாத அந்தப் போனை வாங்கிய ஒரு மாதமாக அவருக்கு வேறு பேச்சே கிடையாது.

“உக்காருங்கோ. உங்களுது என்ன பண்றது?”

கருணாகரன் உட்காரவில்லை. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், பட்டப்பகலில் கடையை விட்டுவிட்டு மந்தைவெளியில் நிற்கிறார் என்றால் விஷயம் பெரிது. அவர் பெண் ஷண்முகப்ரியாவைப் பார்த்துவிட்டுப் போன விருதுநகர்க்காரர்கள் போனில் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் எப்போது கூப்பிட்டாலும் லைன் என்கேஜ்டாகவே இருக்கிறது என்று தரகரிடம் குறைப்பட்டுக்கொண்டார்களாம். இன்று ஒரு நாள் பார்ப்பார்கள். கிடைக்காவிட்டால், பெண் வீட்டாருக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்று வேறு இடம் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

“எத்தனையோ இடம் வந்தது சார். ப்ரியா வாயைத் திறந்து சரின்னு சொன்னது இந்த ஒரு இடத்துக்குத்தான்,” என்றார் கருணாகரன்.

லைன்மேனைக் கூப்பிட்டாரா என்று விசாரித்தார் சாய்நாத். அவர் காலையிலேயே வந்து பார்த்து, லைனில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டாராம். ஆனால் மத்தியானம் ஆனால் போதும், போனை எடுத்தால் ஒரே இரைச்சல். மகன் ராகேஷ்தான் யாருடனோ பேசுகிறான் என்று சந்தேகப்பட்டு அவனைத் திட்டியும் ஆகிவிட்டது. அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை.

“வயசுப் பையன். சிநேகிதம் கினேகிதம் ஏதாவது இருக்கும்,” என்று கண்ணைச் சிமிட்டினார் சாய்நாத்.

“அந்த நேரத்துல அவன் காலேஜ்ல இருக்கான் சார். உங்களுதைப் பார்த்துட்டுத்தானே அதே கடையில, அதே மாடலை போன வாரம் நானும் வாங்கினேன். எனக்கு மட்டும் ஏன் இப்படி?”

“வாங்கினா ஆச்சா? வெக்கற இடத்துல இருக்கு சூட்சுமம்.”

பிறகு தன் சாதனையை விளக்கத் தொடங்கினார். அவர் மனைவி விசாலாக்ஷிக்குத் தினமும் மத்தியானம் கே.கே. நகரில் இருக்கும் மகள் மதுவந்தியோடு பேசியாக வேண்டும். ஹாலில் பேசினால் சாய்நாத் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் திருத்தம் சொல்வார். அதனால் படுக்கையறைப் பால்கனிக்குப் போவாள். அது கருணாகரன் வீட்டு ஹாலை ஒட்டிய பால்கனி. அங்கே போனதும் போனில் கொர்ரென்று சத்தம்தான் கேட்கும். சுவரிலிருந்து லைன் ஒயர் வந்து சேரும் அடிச் செட்டை சாய்நாத் ஃபிரிட்ஜ் மேல் வைத்துப் பார்த்தார், டி.வி. மேல் வைத்துப் பார்த்தார். “காலேஜ்ல இதைத்தான் சொல்லிக் கொடுத்தேளா?” என்று விசாலாக்ஷி மானத்தை வாங்கினாள். போன வாரம் பீரோ மேல் ஏற்றினார். அன்றிலிருந்து பால்கனியில் அப்படியொரு தெளிவு. விசாலாக்ஷி அவரைப் பாராட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது அபூர்வம்.

கருணாகரன் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். இன்றைக்கு மட்டும் சாய்நாத்தின் நம்பரை விருதுநகர்க்காரர்களுக்குக் கொடுக்கலாமா?

“தாராளமா குடுங்கோ. ப்ரியா எங்காத்துப் பொண்ணு இல்லையா? விசாலம் பால்கனியில மதுவோட பேசிண்டிருக்கா. முடிச்சதும் லைன் உங்களுது.”

“எப்ப சார் ஆரம்பிச்சாங்க?”

“இப்பத்தான். ஒரு அரை மணி இருக்கும்.”

கருணாகரன் கடிகாரத்தைப் பார்த்துக் கைகளைப் பிசைந்தார். மனுஷரின் கவனத்தைக் கொஞ்சம் திருப்பலாம் என்று சாய்நாத் எழுந்தார். காலையில்தான் செட்டைச் சுவரோரமாக இன்னும் உள்ளே தள்ளி வைத்திருந்தார். இனி மொட்டை மாடி வரை எட்டும் என்பது அவர் கணக்கு.

“பாத்துக்கோங்கோ, இதே மாதிரி உங்காத்துலயும் வெச்சுத் தரேன்,” என்று ஸ்டூலில் ஏறி, செட்டை இரண்டு கையாலும் பக்குவமாக இறக்கினார்.

அதன் பின்னாலேயே போன் ஒயரும் வந்தது. முழுசாக வந்தது. சுவரில் செருகியிருக்க வேண்டிய முனை, பீரோவின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கீழே தொங்கியது.

இருவரும் வெறும் சுவரைப் பார்த்தார்கள். பால்கனியில் விசாலாக்ஷி மகளிடம் வடுமாங்காய்க்கு உப்புக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“சார்,” என்றார் கருணாகரன் மெதுவாக, “அப்ப அம்மா இவ்வளவு நேரமா யார் லைன்ல பேசிக்கிட்டிருக்காங்க?”