கழற்றி மாட்டும் கம்பி

அவன் கம்பியைக் காற்றில் ஒரு வீசு வீசிப் பார்த்தான்.

விஷ்க்.

காரின் பின்சீட்டில் இருந்த மகள் இனியா காதைப் பொத்திக்கொண்டாள். பள்ளிச் சீருடைகூட இன்னும் மாற்றவில்லை குழந்தை.

அவன் மனைவி கடை வாசலில் நின்றாள். தோள் தானாகச் சுருங்கி விரிந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. முகத்தைப் பழக்கிவிடலாம். தோளைத்தான் பழக்க முடிவதில்லை.

"நல்ல ஸ்டீலு சார். எப்படி வளைச்சாலும் உடையாது" என்றார் கடைக்காரர் ஆரோக்கியம். பழைய ஆன்டெனாவை எடுத்துப் பார்த்தார். நுனி பிளந்து நார் நாராகக் கிடந்தது. "எதுலயும் மோதிருச்சா?"

"கேட்டுல இடிச்சிருச்சு" என்றான் அவன்.

கேட்டாம். கேட்டுக்கு முதுகு இருக்கிறதா என்ன.

நேற்றுப் போட்டிருந்த ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. காலையில் தண்ணீர் விட்டு நனைத்துத்தான் பிரித்தாள்.

அவன் கை நீட்ட மாட்டான். பொண்டாட்டி மேல் கை வைக்கிறவன் காட்டுமிராண்டி என்று நாலு பேர் முன்னால் சொல்வான். அவ்வளவு பெரிய மனுஷன்.

படி இறங்கிக் கீழே போவான். காரின் கூரையிலிருந்து கம்பியைத் திருகிக் கழற்றுவான். மேலே வருவான்.

முடிந்ததும் துடைத்து, திரும்பவும் கொண்டுபோய் மாட்டிவிடுவான். விடிந்தால் அதே கம்பி பக்திப் பாட்டு இழுத்துக் கொடுக்கும். நாசமாய்ப் போக.

இன்று வரும் வழியெல்லாம் ரேடியோ கரகரத்தது. அவன் அதை அணைத்தான். அவள் போனை வாங்கிப் பார்த்தான். காலையில் அண்ணனைக் கூப்பிட்டிருந்தாள்.

"வீட்டுக்கு வா. வச்சுக்கிறேன்."



ஆரோக்கியம் இன்னொன்றை எடுத்து வைத்தார். கறுப்பாக, குட்டையாக, சுறாமீனின் முதுகுத் துடுப்பு மாதிரி. "இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க சார். கூரையில ஒட்டிட்டா ஒட்டினதுதான். கழட்டவே முடியாது. கேட்டுலயும் இடிக்காது."

அவனுக்குப் பிடித்துவிட்டது. கம்பியைக் கீழே வைத்துவிட்டுத் துடுப்பைத் தடவிப் பார்த்தான்.

வேறு எவளாக இருந்தாலும் சாமிக்குத் தேங்காய் உடைத்திருப்பாள். அவள் அவன் கீழே வைத்த கம்பியையே பார்த்தாள்.

கார் வாங்குவதற்கு முன்னால் அவன் கீழே போனதில்லை. கைக்கு எது அகப்பட்டதோ அது. ஒருமுறை குழவிக்கல். ஒருமுறை இஸ்திரிப் பெட்டி, சூடாகவே. நினைத்த மாத்திரத்தில் விழும். குழந்தையை ஒதுக்கக்கூட நேரம் இருக்காது.

கம்பி வந்த பிறகுதான் அந்த நேரம் வந்தது.

அவன் படி இறங்குகிற நேரம். மரையைத் திருகுகிற நேரம். படி ஏறுகிற நேரம்.

அதற்குள் இனியாவைக் குளியலறையில் தள்ளித் தாழ்போடச் சொல்வாள். குழாயைத் திறந்துவிடச் சொல்வாள், சத்தம் கேட்காமல் இருக்க. பிறகு வந்து கூடத்தில் நிற்பாள்.

நேற்று மரை சட்டென்று கழன்றுவிட்டது. குழந்தை உள்ளே ஓடுவதற்குள் அவன் வந்துவிட்டான்.

இனியாவின் கெண்டைக்காலில் ஒரு கோடு. நேராக, சிவப்பாக. சாக்ஸை மேலே இழுத்து மறைத்துத்தான் பள்ளிக்கு அனுப்பினாள்.

பெற்ற வயிறு எரிந்தது. அண்ணனைக் கூப்பிட்டாள். எப்போதும் அனுசரித்துப் போகச் சொல்கிறவன்தான். இன்று, "புள்ள மேலயுமா? கிளம்பி வந்துரு பாப்பா" என்றான்.

துடுப்பைக் காட்டி, "அது வேணாம்" என்றாள் அவள்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைகளில் அவள் வாய் திறக்கிற வழக்கம் இல்லை.

"நீளமா இருந்தாத்தான் பாட்டு தெளிவாக் கேக்கும். அந்தக் கம்பியவே போடுங்கண்ணா."

"மேடம் சொல்றது சரிதான் சார். ஊருக்கு வெளிய போயிட்டா இந்தத் துடுப்பு அவ்வளவா இழுக்காது."

அவன் அவளைப் பார்த்தான். மெல்லச் சிரித்தான். "அவளே ஆசைப்பட்டுக் கேக்குறா. போட்டுருங்க."

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும்.

அவன் பணம் கொடுக்கக் கடைக்குள் போனான். ஆரோக்கியம் ஸ்டூலைப் போட்டு ஏறினார். கூரையைத் துடைத்துவிட்டு, புதுக் கம்பியைக் கையால் திருகி மாட்டினார்.

அவள் கிட்டே போய் நின்றாள்.

"நல்லா இறுக்கிருங்கண்ணா. லேசுல கழண்டு வரக்கூடாது."

ஆரோக்கியம் குனிந்து அவளைப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே, ரவிக்கையின் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்த கோட்டைப் பார்த்தார். கீழே கிடந்த பழைய கம்பியைப் பார்த்தார்.

 மாட்டியதைத் திரும்பக் கழற்றினார். மரையில் பசை விட்டார். மறுபடி மாட்டி, ஸ்பேனரைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார்.

"இனி அவ்வளவு சுலபத்துல வராதும்மா" என்றார் தாழ்ந்த குரலில்.

அவன் வந்து வண்டியைக் கிளப்பினான். ரேடியோவைப் போட்டான். பாட்டு பக்கத்தில் இருந்து பாடுகிற மாதிரி கேட்டது.

"எவ்வளவு தெளிவா இருக்கு பாரு" என்று சத்தத்தைக் கூட்டினான். ஸ்டியரிங்கில் தாளம் போட்டான்.

வீட்டுக்குப் பின்னால், பின்தெருவுக்கு இறங்கும் ஒரு இரும்புப் படி இருக்கிறது. இதுவரை குப்பை வாளியை எடுத்துக்கொண்டுதான் அவள் அதில் இறங்கியிருக்கிறாள்.

பையைச் சரிசெய்வது போல அவள் பின்சீட்டுப் பக்கம் திரும்பிக் குனிந்தாள். பாட்டுச் சத்தத்தில் இனியாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"வீட்டுக்குப் போனதும் ஷூவைக் கழட்டாதடா."



இனியா குனிந்து, அவிழ்ந்திருந்த நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.