கில்லார்னியில் வெறுங்கால்

ஷூவைக் காணோம்.

வாசல் கல் ஓரமாக ஜோடி சேர்த்துத்தான் கழற்றி வைத்திருந்தாள். கூரை போய், முற்றத்தில் மரம் வளர்ந்து, பாழடைந்து கிடக்கும் மடாலயம்தான். இருந்தால் என்ன? சாமி இருந்த இடம் என்று தெரிந்த பிறகு காலில் ஷூவோடு நுழைய மனசு வரவில்லை.

மற்றவர்கள் ஷூவோடுதான் போனார்கள். அது அவரவர் பாடு.

திரும்பி வந்தால் புல் இருக்கிறது, மழைத்தண்ணீர் இருக்கிறது. ஷூ மட்டும் இல்லை.

கை தானாகப் பைக்குள் போய்ப் போனை எடுத்தது. மகன் பெயர்தான் முதலில் இருந்தது.

எடுத்த வேகத்தில் உள்ளே போட்டாள்.

அவனோடு பேச்சு அப்படி. ஒரு நாள், தன்னந்தனியாகக் கில்லார்னிக்குப் போய் ஏரியைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அவனைக் கூப்பிடாமல் திரும்பிவிட்டால், கோவில்பட்டி வீட்டில் அவள் இஷ்டப்படி தனியாக இருக்கலாம். கூப்பிட்டால் போச்சு. வீட்டை விற்றுவிட்டு, இங்கே அயர்லாந்தில், கார்க் நகரத்தில் அவனோடு இருந்துவிட வேண்டும். அப்பா போன பிறகு அம்மாவைத் தனியே விட அவனுக்குப் பயமாம்.

பயமாம்! நடுவில் ரயில் மாறி வந்திருக்கிறாள். படகில் தீவுக்குப் போய் வந்திருக்கிறாள். இந்த ஷூவுக்கா அசருவாள்?

செருப்புத் தொலைந்தால் பீடை தொலைந்தது என்று ஊரில் சொல்வார்கள். தொலையட்டும்.

சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு சரளைக் கல்லில் நடந்தாள். குத்தியது. முகத்தில் காட்டவில்லை.

மரத்தடியில் சுற்றுலாக் குதிரை வண்டி நின்றது. வண்டிக்காரர் அவள் காலைப் பார்த்தார். குதிரையின் காலைப் பார்த்தார். அதற்காவது லாடம் இருந்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

ஒரு கம்பளியை எடுத்து அவள் காலைச் சுற்றிப் போர்த்திவிட்டார். ஸ்டேஷன் என்றாள். புரிந்தது.

ஏரி பக்கத்திலேயே வந்தது. மழை நின்று வெயில் அடித்தது, உடனே மறுபடி தூறியது. ஒரு நிலையில் நிற்காத ஊர். ஆனாலும் அழகு. ஜெயித்தவள் கண்ணுக்கு இன்னும் அழகு.

வளைவு திரும்பியதும், ஏரியைப் பார்க்க ஒரு பெஞ்ச்.

அதில் கனிராஜ். ஆபீசில் இருக்க வேண்டிய அவள் மகன். மடியில் அவள் ஷூ.

அடப்பாவி! பின்னாலேயே வந்திருக்கிறான்.

கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

அவன் ஏரியைப் பார்க்கவில்லை. கையிலிருந்த போனை அமுக்கிப் பார்த்தான். ஒன்றும் வந்திருக்காது. மறுபடி அமுக்கினான். தலை நனைந்திருந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

அவள் வந்திறங்கிய அன்று அவன் வீட்டில் ஒரே ஒரு தட்டுதான் இருந்தது. இரண்டாவது தட்டை அன்று சாயங்காலம்தான் ஓடிப்போய் வாங்கி வந்தான். இந்த இரண்டு மாசமாக உட்கார்ந்து, பேசிப் பேசிச் சாப்பிடுகிறான்.

தனியாக இருக்க முடியாதது யாருக்கு என்று இப்போதுதான் உறைத்தது.

வண்டிக்காரரின் தோளைத் தொட்டாள். குதிரை நின்றது.

போனை எடுத்தாள்.

பெஞ்சில் மணி அடித்தது.

"ஏல கனி, என் ஷூவக் காணும்ல. அம்மைக்கி ஒண்ணும் ஓடல. வந்து கூட்டிட்டுப் போ."

அவன் துள்ளி எழுந்தான். எதிரே ஏரியைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் ஷூவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.