தகர மூடியில் தேயிலைக் கப்பல்

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், 1996 யூலை மாதத்து ஞாயிறு ஒன்றின் பின்னேரம் மூன்றரை மணிக்கு, யூலையில் குளிர்காலம் வரும் தென்கோடி நாட்டின் பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரில், இராசமலரின் வீட்டு ஹோலில், உலகப் புகழ்பெற்ற தேயிலைக் கப்பலொன்றின் வரலாறு எடுத்துரைக்கப்படுகிறது. பேச்சாளர் கனகசபாபதி. தமிழ்ச் சங்கத் தேர்தலில் தன்னைத் தோற்கடித்த சிநேகிதன் போன மார்கழியில் செத்தபோது வீம்புக்குச் செத்தவீட்டுக்குப் போகாமல் இருந்தவர், இன்று அவன் மனைவி இராசமலரிடம் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார். வாய் திறபடவில்லை. நல்லவேளையாக, அவள் நீட்டிய பிஸ்கட் தகரத்தின் மூடியில் அந்தக் கப்பல் முழுப் பாயும் விரித்து நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார். "இதுதான் 'கட்டி சார்க்' எண்ட கப்பல், தங்கச்சி. சீனத் தேயிலை ஏத்தவெண்டே கட்டினது." குளிர்கால வெயில் கம்பளத்தில் ஒரு சாண் அகலத்துக்கு விழுந்து கிடக்கிறது. சுவரில் சிநேகிதனின் படத்துக்கு முன்னால் சிவப்புக் குமிழ் விளக்கு எரிகிறது. அந்தப் பக்கம் தவிர எல்லாப் பக்கமும் அவர் பார்க்கிறார். கையிலிருக்கும் பால் தேநீரில் ஆடை படிகிறது. "ஆயிரத்தெண்ணூத்தி எழுபத்திரண்டில, ஆர் முந்தித் தேயிலை கொண்டுபோறதெண்ட போட்டியில, நடுக்கடல்ல, புயலுக்குச் சுக்கான் கழண்டு போச்சு." இராசமலர் சேலைத் தலைப்பில் நூலொன்றை இழுத்து விரலில் சுற்றுகிறாள்.

"அப்ப பிந்தித்தான் போய்ச் சேர்ந்ததோ, அண்ணை?"

"ஓம். ஆனா கப்பலிலேயே வேற சுக்கான் செய்து பூட்டி, ஒரு கிழமைதான் பிந்தினது."

"நீங்கள் ஏழு மாசம்," என்கிறாள், கோபமே இல்லாமல்.

அவர் மூடியைத் தகரத்தில் வைத்து அமத்துகிறார். மூன்று தரம் அமத்தியும் பொருந்தவில்லை.

"கடல் சரியான கொந்தளிப்பு, தங்கச்சி," என்கிறார்.

அவருடைய வீடு அடுத்த தெருவில் இருக்கிறது.